stdio.h தேடிய வாரம்

திங்கள், ஜூன் 8, 1998

வெயில். மேகம் தேஹு ரோடு பக்கம் கூடுகிறது, கலைகிறது. மழை இன்னும் இல்லை.

வேலை கிடைத்துவிட்டது!! கசார்வாடியில் பாட்கர் மேடத்தின் கம்ப்யூட்டர் வகுப்பு. மதியம் போன். "வசந்தா, லேடீஸ் பேட்ச் உங்களுக்குத்தான். அடுத்த திங்கள் ஆரம்பம்" என்று இந்தியில் சொன்னார். நான் "ஜீ, ஜீ" மட்டும். அடுப்பை அணைக்க மறந்து பருப்பு கரி.

பி.எஸ்ஸி. கணக்கு முடித்துப் பதினாறு வருஷம். கல்யாணம், கோயமுத்தூரிலிருந்து மராத்தி ஊரான சிஞ்ச்வட், நித்யா, டிபன் டப்பா. போன வருஷம்தான் ஆறு மாதம் 'சி' என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தேன். முப்பத்தெட்டு வயதில் முதல் வேலை.

இவர் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் வாசலிலேயே சொன்னேன்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தானுங்க."

செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, கரிந்த பருப்பை நல்லா இருக்கு என்று சாப்பிட்டார். நித்யா: "அம்மா, நீ டீச்சரா? ஸச்சி? அப்ப டிபன் யாரு பனாயேகா?" டிபன் யார் செய்வார்களாம். பதிமூன்று வயது. தமிழ் ஒரு வரி, இந்தி அரை வரி.

வாங்க: சிவப்பு மை பேனா. ஃப்ளாப்பி இரண்டு. புடவைக்கு ஃபால்ஸ். பாத்திரம் தேய்க்கச் சோடா.

செவ்வாய், ஜூன் 9

புழுக்கம். லோக்கல் ரயிலில் இரண்டே ஸ்டேஷன், அதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

வகுப்பு மாடியில். கீழே லேத் பட்டறை. நாள் பூரா கிர்ரென்று சத்தம். ஆறு மெஷின். போன வாரம் இன்ஜினியர் ஒருவர் வந்து உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். "ஒரு சின்ன ப்ரோக்ராம் போட்டுப் பாருங்க, ஓடுதான்னு" என்றார் மேடம்.

ஐந்து வரி எழுதினேன். கம்பைல். பளிச்சென்று ஒரு வரி: 'Unable to open include file stdio.h'.

இரண்டாவது மெஷின். அதே. ஆறிலும் அதே!

(வகுப்பில் இப்படிச் சொல்லலாம்: stdio.h என்பது முதல் வரியிலேயே நாம் கூப்பிடும் கோப்பு. எழுத்தைத் திரையில் காட்டுவது, கீபோர்டிலிருந்து வாங்குவது, இதெல்லாம் எப்படியென்று, நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்குச் சொல்வது அதுதான். அதைத் திறக்க முடியாவிட்டால் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும்.)

எழுத்துப் பிழையா? மூன்று தரம் பார்த்தேன். இல்லை. பெரிய எழுத்தில் அடித்தேன். சின்ன எழுத்தில் அடித்தேன். ம்ஹூம்.

இன்ஜினியர் நாசிக்கில், தங்கை கல்யாணம். அடுத்த புதன்கிழமைக்கு மேல்தான் வருவாராம். மேடம் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "திங்களன்று பதினோரு பேர் வர்றாங்க. மெஷின் ஓடலேன்னா எதிர் பில்டிங் வகுப்புக்குப் போயிடுவாங்க. பேட்ச் கேன்சல்தான். உங்களுக்கு சி தெரியுமில்லையா, நீங்களே பாருங்களேன்."

"ஜீ."

இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன். நான் படித்த இடத்தில் சார் எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பார். நான் உட்கார்ந்து டைப் அடிப்பேன், ஓடும். ஓடாத மெஷினை நான் பார்த்ததே இல்லை.

ராத்திரிச் சாப்பாடு தோசை. மூன்று கருகல்.

புதன், ஜூன் 10

மேகம். ஒரு துளி கூட விழவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன்!

ரயிலில் தோன்றியது: கோப்பு மெஷினில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேனா? பார்க்கவே இல்லை. போனதும் முதல் மெஷினில் உட்கார்ந்தேன். சி ட்ரைவில் தேடினேன். கம்பைலர் ஃபோல்டரே அங்கே இல்லை. பிறகு கம்பைலர் எங்கிருந்து திறக்கிறது? டி ட்ரைவ். அங்கே TC என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் INCLUDE. அதற்குள் stdio.h, conio.h, math.h எல்லாம் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தன.

இருக்கிறது. அப்புறம் ஏன் இல்லை என்கிறது?

அரை மணி நேரம் மெனு மெனுவாகத் திறந்தேன். ஆப்ஷன்ஸ் என்று ஒன்று. அதில் டைரக்டரீஸ். திறந்தால், கோப்பு எங்கே என்று எழுதும் கட்டம். அதில் C:\TC\INCLUDE! இன்ஜினியர் கம்பைலரை டி-யில் வைத்துவிட்டு முகவரியை மாற்றாமல் போயிருக்கிறார். கம்பைலர் வீடு முழுக்கத் தேடாது. சொன்ன முகவரியில் தட்டும், ஆள் இல்லையென்றால் திரும்பிவிடும். அவ்வளவுதான்.

C-யை அழித்து D. கம்பைல். பிழை இல்லை! ரன் கொடுத்தால் வேறொரு பிழை. லைப்ரரி கோப்பைக் காணோமாம். அப்புறம் பார்த்தால் அதே இடத்தில் இரண்டாவது கட்டம், லைப்ரரிக்கு. அங்கேயும் C. அங்கேயும் D.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: VANAKKAM.

கை தட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். கீழே லேத் நின்றது. பட்டறைக்காரர் மாடிப்படியிலிருந்து, "காய் ஜாலா, தாயீ?" என்ன ஆச்சு அக்கா என்று கேட்கிறார். "சல்லா! சல்லா!" என்றேன். ஓடிவிட்டது என்பதற்கு மராத்தியில் அது சரியா, தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அதற்குள் மேடம் பூட்ட வந்துவிட்டார். ஒன்று முடிந்தது, ஐந்து பாக்கி.

வியாழன், ஜூன் 11

வியாழனானால் கரன்ட் கிடையாது. வகுப்பும் பூட்டு. இவர் ஃபேக்டரிக்கும் வார லீவு.

சமையலறையில் ஒத்திகை. இவர் மாணவியாம். நித்யாவின் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். நித்யா சிரித்துச் சிரித்துத் தரையில்.

"மேடம், அந்த எச்-ன்னா என்னங்க?"

"ஹெடர். தலைக்கோப்புன்னு வெச்சுக்கோங்க."

"தலை எங்கயோ இருக்குது, உடம்பு எங்கயோ இருக்குது. எப்படிங்க ஓடும்?"

"அதுக்குத்தான் முகவரி எழுதறது."

"கரெக்ட்" என்றார், ஃபேக்டரியில் பார்ட்ஸ் சரிபார்க்கும் குரலில். பிறகு துப்பட்டாவை எடுத்துவிட்டு, "இதே மாதிரி சொல்லு. உனக்கு நல்லா வருது" என்றார். இவர் வாயிலிருந்து இது சுலபத்தில் வராது. கேரட்டை நறுக்கிக்கொண்டே இருந்தேன், தேவைக்கு மேல்.

நாலு மணிக்கு மழை. முதல் மழை! எங்கள் குடியிருப்பு சொசைட்டி முழுக்கப் பால்கனியில். துணி எடுக்க மூன்று பேரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். துணியை விட நாங்கள்தான் அதிகம் நனைந்தோம்.

வெள்ளி, ஜூன் 12

மழை. ரயில் இருபது நிமிஷம் லேட்.

2, 3, 5: அதே வியாதி, அதே மருந்து. பத்து நிமிஷத்தில் ஒவ்வொன்றும்.

4: INCLUDE ஃபோல்டர் காலி! முகவரி சரியாக இருந்தும் ஆள் இல்லை. முதல் மெஷினிலிருந்து ஃப்ளாப்பியில் எடுத்து இதில் போட்டேன். சரி.

6: எல்லாம் சரி, ஆனால் பிழை. முக்கால் மணி நேரம். கடைசியில் பார்த்தால் நான்தான் INCLUD என்று அடித்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஐந்து திரையிலும் VANAKKAM. முதல் மெஷின் புதனன்றே முடிந்தது, அதை மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக அணைத்தேன். லோக்கலில் நின்றுகொண்டே சிரித்திருப்பேன் போல. பக்கத்து அம்மாள் தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

சனி, ஜூன் 13

தூறல்.

பத்து மணிக்கு மேடம் வந்தார். "காட்டுங்க." முதல் மெஷினில் அவரே உட்கார்ந்தார். ஆன். கம்பைல்.

'Unable to open include file stdio.h'.

இரண்டாவது. மூன்றாவது. ஆறும்! மூன்று நாள் உழைப்பு ஒரே ராத்திரியில் காணோம்.

மேடம் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "வசந்தா, பன்னிரண்டு மணிக்கு நான் எல்லோருக்கும் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லணும். அதுவரைக்கும் பாருங்க." உள் அறைக்குப் போய்விட்டார்.

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். அழவில்லை. கிட்டத்தட்ட.

திரும்பி வந்து டைரக்டரீஸ் திறந்தேன். கட்டத்தில் மறுபடி C. நான் எழுதிய D எங்கே? அப்போதுதான் புரிந்தது. எழுதினேன், ஆனால் வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. அணைத்ததும் மறந்துவிட்டது. அதே ஆப்ஷன்ஸ் மெனுவின் கடைசி வரி: Save. புதனிலிருந்து அந்த மெனுவைத் திறக்கிறேன், கடைசி வரை ஒரு தரம் கூடப் படிக்கவில்லை.

D. சேவ். மெஷினை அணைத்து, பத்து எண்ணி, ஆன் செய்தேன். D அப்படியே இருந்தது!

பதினொன்று நாற்பதுக்கு ஆறும் முடிந்தது. கதவைத் தட்டினேன். "மேடம், நீங்களே அணையுங்க. நீங்களே போடுங்க." அவர் ஒன்றொன்றாக ஸ்விட்சையே அணைத்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஒன்று. இரண்டு. ஆறு. எல்லாம் ஓடியது.

மேடம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "வசந்தா, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு சி-யில் ஒரு எழுத்து கூடத் தெரியாது. டைப்பிங் வகுப்பு நடத்தினவ நான். நீங்க கைவிட்டிருந்தா என்ன பண்றதுன்னே தெரியாம உள்ளே உட்கார்ந்திருந்தேன்."

"ஓடாத மெஷினை நானும் செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவை பார்த்தேன் மேடம்" என்றேன். வாய் தவறி.

பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கீழே டீக்கடையிலிருந்து வடாபாவ், டீ. மிளகாயைக் கூட விடாமல் தின்றேன்.

ஞாயிறு, ஜூன் 14

விட்டு விட்டு மழை. ஜாக்கெட் கொக்கி தைத்தேன். நித்யா மராத்தி சொல்லிக்கொடுத்தாள்: "சல்லா இல்லம்மா, சால்லா. லம்பா, நீட்டிச் சொல்லு." இரண்டு பக்கம் குறிப்பு எழுதி, மூன்று தரம் கிழித்தேன். பயம். நல்ல பயம்.

திங்கள், ஜூன் 15

மழை நின்று பளிச்சென்று வெயில்.

பதினோரு மணி, பதினோரு பேர். ஒரு மெஷினுக்கு இருவர், கடைசியில் மட்டும் ஒருத்தர்: பத்மா, தேஹு ரோடு, கணவருக்கு டெப்போவில் வேலை. என்னை விடப் பெரியவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அவரவர் பெயரைத் திரையில் காட்ட, போர்டில் ஐந்து வரி எழுதினேன். டைப் அடித்தார்கள். நான் முகவரிக் கதை சொன்னேன், இந்தியில், நடுவே தமிழ் கலந்து. யாரும் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்கள்!

அப்போது கடைசி வரிசையிலிருந்து: "மேடம்ஜி, என்னுது குல்தாவே இல்ல. நான் பரோபர் டைப் பண்ணேன்."

பத்மா. திறக்கவில்லையாம், சரியாகத்தான் அடித்தாராம். எட்டிப் பார்த்தேன். 'Unable to open include file'. ஓடிப்போய் டைரக்டரீஸ் திறந்தேன். D. சரியாகத்தான் இருக்கிறது. பிறகு முதல் வரியைப் படித்தேன்: studio.h.

"பத்மா அக்கா, இது என்ன?"

"ஸ்டூடியோதானே? போட்டோ எடுக்கற ஸ்டூடியோ."

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் புரிந்து அவரும் சிரித்தார். முன் வரிசையில் இரண்டு பேர் சத்தம் போடாமல் தங்கள் முதல் வரியைத் திருத்திக்கொண்டார்கள், அங்கேயும் ஸ்டூடியோதான்.

u-வை எடுத்தார். கம்பைல். ரன். PADMA என்று வந்தது. திரையைத் தொட்டுப் பார்த்தார், ஈரமா என்று பார்ப்பது போல.

பிறகு திரும்பி, "பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டீங்களே. எத்தனை வருஷமா மேடம் இந்த வேலை?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஐம்பது நிமிஷமா" என்றேன்.