ஸ்கிரிப்ட் சொன்ன பதில்

புரட்டாசி, திங்கள் இரவு.

எப்போது விதைக்கலாம் என்று மழைக் கணக்கைப் பார்த்துச் சொல்லும் என் புரோகிராமை இதுவரை கணினியில் 'நோட்புக்' என்கிற செயலியில் துண்டு துண்டாகத்தான் ஓட்டினேன். தினமும் தானாக ஓடட்டும் என்று இன்று மதியம் அதைச் சாதாரண ஸ்கிரிப்டாக மாற்றினேன். மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக ஓடி, "பொறு" என்றது.

போன வாரம் நோட்புக் "விதை" என்றிருந்தது; அதை நம்பி ஊரில் பலருக்கும் சொல்லியிருந்தேன். நான் என்றோ அழித்த ஒரு துண்டிலிருந்த தப்பான மழையளவு, மூடாமலே வைத்திருந்த நோட்புக்கின் நினைவில் அப்படியே இருந்திருக்கிறது.

உடனே நாகலாபுரத்தில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"உளுந்து விதைச்சிட்டீங்களா சித்தப்பா?"

"நேத்தே முடிச்சாச்சு. நீதானேட்டி சொன்ன?"

நடந்ததைச் சொன்னேன்.

"மண்ணுக்குள்ள சும்மா கெடந்தா ஒண்ணுமில்ல. தூத்தல் விழுந்து மொளைச்சி, பெறகு மழ இல்லன்னாத்தான் எல்லாம் போச்சு. மத்தவிய விதைக்கதுக்கு முன்ன அவியகிட்டச் சொல்லு."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இப்போது ஜன்னல் வழியே ஈரக்காற்று வருகிறது. கரிசல்காட்டில் பிறந்தவள் நான். வாழ்க்கையில் முதல்முறையாக, மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.