எபியின் வேகம்

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்த அசதி. எட்டு மணி வரை தூங்கிவிட்டேன். எழுந்தபோது தம்பி எபினேசர் எப்போதும்போல அதே நாற்காலியில். பதினேழு வயது. பார்வை மங்கத் தொடங்கி இரண்டு வருடம். இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்.

"நடந்துட்டு வரலாம் வாடா."

"எதுக்குக்கா?"

டாக்டர் சொன்ன எடை, சர்க்கரை எல்லாம் எடுத்துச் சொன்னேன். கொட்டாவி விட்டான். கழுதை.

ஜூன் 15

கெஞ்சிக் கூத்தாடி சிப்காட் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். ஞாயிறு, கம்பெனி பஸ்கள் இல்லை. ஒரு ஷூ லேஸின் இரு முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டோம். நடை மெல்ல ஓட்டமானது. சிரித்தான். எத்தனை நாளாயிற்று!

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே வேகத்தடையைச் சொல்ல மறந்தேன். குப்புற விழுந்தான். முட்டியெல்லாம் ரத்தம்.

"கண்ணு தெரியாத புள்ளைய ரோட்ல இஸ்துகினு போய் தள்ளிட்டு வந்து நிக்கிறியே, இன்னாடி வேண்டுதல் உனுக்கு?" அம்மா அழுதேவிட்டாள்.

மேடு — ஒரே வார்த்தை. ஏன் சொல்லல நான்?

ஜூன் 18

கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றாலும் அவன் முட்டிதான் கண்ணுக்குள். இனி வேண்டாம்.

ஜூன் 29

அவனே வந்து எழுப்பினான். காலில் ஷூ.

"வலிக்கலையாடா?"

"வலிச்சுது. கண்ணு மங்கினதுலேர்ந்து பி.டி. பீரியட்ல பையுங்களுக்குக் காவலா குந்த வெச்சிடுவாங்க. ஓடினாத்தானே விழ? அன்னிக்குத்தான்கா எல்லாரையும் மாதிரி விழுந்தேன்."

நான் போய் இவனிடம் சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனே!

அம்மா வாசலில் நின்றாள். "பாத்து சொல்லிகினே ஓடு மெர்சி" என்றாள்.

ஜூலை 13

இரண்டு கிலோமீட்டர். லேஸைப் பின்னால் இழுப்பது நான்தான்.

ஜூலை 27

"நீ ரொம்ப ஸ்லோக்கா. வேற ஆள் பாரேன்."

நாஷ்டா முடியும்வரை அவனோடு பேசவில்லை. பிறகு, என் லைனில் வேலை செய்யும் டில்லிபாபு அண்ணனுக்கு போன் போட்டேன். மாரத்தான் எல்லாம் ஓடுகிறவர். "அதுக்கின்னாம்மா, இட்டுகினு வா" என்றார்.

ஆகஸ்ட் 17

டில்லிபாபு அண்ணனோடு ஐந்து கிலோமீட்டர் என்று பேச்சு. நான் சுங்குவார்சத்திரம் பக்கம் டீக்கடை பெஞ்சில் காத்திருந்தேன். இருவரும் கால் ஒன்றாய் வைத்து வருவது தூரத்திலேயே தெரிந்தது. எழுந்து நின்று "எபி, இங்கடா!" என்று கத்தினேன்.

குரல் வந்த பக்கம் கையை ஆட்டினான். நிற்கவில்லை. "இன்னொரு ரவுண்டுக்கா!"

அவனுக்கு வாங்கி வைத்த டீயையும் நானே குடித்தேன்.