வரவுப் பதிவேட்டில் திவ்யாவின் பெயர்

என் சரோஜா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தேயிலை மலையில் குளவி கொட்டி உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில், நான் என் ஷாலினியையும் உன் திவ்யாவையும் கூட்டிக்கொண்டு பசறையில் பஸ்ஸுக்கு நின்றேன். அன்று என்னுடைய முறை. கடைசியாக ஒரு வார்த்தை பேசவும் கிடைக்கவில்லை. அதன்பிறகு நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்ல வேண்டும். நம்மைப் போலப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

என் மகளுக்குக் காது கேட்காது. உன் மகளுக்கு ஒன்பது வயதாகியும் பேச்சு வரவில்லை, எதையும் மெதுவாகத்தான் பிடிப்பாள். இருவருக்கும் ஏற்ற வகுப்பென்று தமிழில் நமக்கு எட்டிய தூரத்தில் இருந்தது பசறைப் பள்ளிக்கூடத்து விசேட கல்விப் பிரிவு ஒன்றுதான். நம் வாயில் அது ‘யூனிட்’. கூடப் பிறக்காவிட்டாலும் ஒரு நாள் நீ, ஒரு நாள் நான் என்று கூட்டிப் போய், மணி அடிக்கும்வரை அங்கேயே காத்திருப்போம். போகிறவளுக்கு அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளமும் இல்லை. நீ சிரிப்பாய். “இன்னைக்கு எனக்குப் பேரு இல்ல, நாளைக்கு ஒனக்கு இல்ல. புள்ளைங்க பேரெடுத்தா போதும்டி.”

நீ போன பிறகு எல்லா நாளும் என்னுடைய முறையாகிவிட்டது. ஒரு மாதம் இழுத்துப் பிடித்தேன். ஒருநாள் பஸ் நிலையத்தில் ஷாலினியை ஏற்றிவிட்டுத் திரும்பினால் திவ்யாவைக் காணோம். கூப்பிட்டாலும் பதில் சொல்லத் தெரியாத பிள்ளை. ஷாலினியை இறக்கி இழுத்துக்கொண்டு கடை கடையாக ஓடினேன். கடைசியில் ஒரு துணிக்கடை முஸ்லிம் நானா வாசலுக்கு வந்து கையைக் காட்டினார். “தங்கச்சி, புள்ள இங்கதான் இருக்கு, பயப்புடாதீங்க.” உள்ளே உன் மகள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்காரரிடம் போனேன். “அண்ணே, ரெண்டு பேரையும் என்னால பாத்துக்க ஏலாது,” என்றேன். முருகேசு அண்ணன் “சரிம்மா” என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அக்கா. அதையும் மறைக்கப் போவதில்லை.

அப்புறம் இந்த வருஷம் யூனிட் டீச்சருக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு யாரும் வரவில்லை. அரசாங்கம் அனுப்பிய விளையாட்டுச் சாமான்களும் படப் பலகைகளும் பெட்டியோடு பள்ளிக்கூட அதிபரின் அறையில் கிடக்கின்றன. பயிற்சி பெற்ற டீச்சர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திறக்கலாமாம். ஷாலினியின் காது மிஷின் உனக்கு ஞாபகம் இருக்கும், பதுளை ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தது. அதற்கு பேட்டரி தேடி அலைகிற அலைச்சல் இன்னும் ஓயவில்லை. கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்த பிறகு யார் பார்க்கிறார்கள்?

நாங்கள் மூன்று தாய்மார் கல்வி அதிகாரியின் கந்தோருக்குப் போனோம். இரண்டு தடவை ஐயா இல்லை. மூன்றாம் தடவை ஒரு மேடம் உட்காரச் சொல்லி, வரவுப் பதிவேட்டின் பிரதியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“டீச்சர் கேக்குறீங்க, சரி. ஆனா புள்ளைங்க எண்ணிக்கை காணாதே. இந்தத் திவ்யாங்கிற புள்ள மாசக்கணக்கா வரவே இல்ல. இப்படியே போனா பிரிவை மூடி, இருக்கிற புள்ளைங்கள பதுளைக்கு மாத்திருவாங்க.”

பதுளைக்கு! தினமும் அவ்வளவு தூரம் யாரால் கூட்டிப் போக முடியும்? மற்ற இருவரும் மேடத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் பதிவேட்டைப் பார்த்தேன். உன் மகளின் பெயருக்கு நேராக வரிசையாகப் பூச்சியம். அது எல்லாமே நான் போட்டது.

அடுத்த நாள் உன் லயத்து வீட்டுக்குப் போனேன். கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. அண்ணன் ஃபேக்டரி வேலைக்குப் போகும்போது அப்படித்தான் போட்டுவிட்டுப் போகிறாராம். பிள்ளை ரோட்டுக்கு ஓடிவிடுமென்ற பயம். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் திறந்து சோறு கொடுப்பாராம். ஜன்னல் கம்பிக்குள்ளே திவ்யாவின் விரல்கள் தெரிந்தன. அண்ணனை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

வேலை முடிந்து அவர் வரும்வரை அங்கேயே நின்றேன். “அண்ணே, திவ்யாவ திரும்ப அனுப்புங்க,” என்றேன்.

“நீங்கதானேம்மா ஏலாதுன்னீங்க?”

“ஆமாண்ணே. நான்தான் சொன்னேன். தப்புத்தான்.”

கொண்டியைக் கழற்றிக் கதவைத் திறந்தார். பிறகு மெதுவாக, “கூட்டிட்டுப் போங்க. தொலைச்சிறாதீங்கம்மா, எனக்கு வேற யாரும் இல்ல,” என்றார்.

முதல் நாள் திவ்யா வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஷாலினி போய்த் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். இவள் போய் உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் நான் பயந்தது எதற்கு என்று அப்போது தோன்றியது.

கந்தோரிலிருந்து வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷத்துக்கு மூடமாட்டார்களாம். பெரிதாகச் சந்தோஷப்படாதே அக்கா, டீச்சர் இன்னும் வரவில்லை. ஆரம்பப் பிரிவு டீச்சர் ஒருத்தர் நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கிறார். நல்ல மனுஷி, ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரை யாரும் பழக்கவில்லை. பெட்டியும் இன்னும் திறக்கவில்லை. பள்ளிக்கூட நாளெல்லாம் வேலையில்லாமல் என் பாடு இழுபறிதான். கொழும்பிலிருந்து ஷாலினியின் அப்பா அனுப்புவதை வைத்து ஓட்டுகிறேன். உடம்பு அலுத்துவிட்டது. மனசும்தான்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். டீச்சர் வருகிறவரைக்கும் அந்தக் கந்தோர்ப் படியை விடமாட்டேன். இனி ஏலாது என்ற வார்த்தை திவ்யா விஷயத்தில் என் வாயிலிருந்து வராது.

போன கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘தாய் அல்லது பாதுகாவலர்’ என்ற கோட்டுக்கு முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அண்ணனிடம் கேட்டேன், தலையாட்டினார். உன்னிடம்தான் கேட்க முடியவில்லை. என் பெயரை எழுதினேன். உறவுமுறை என்ன என்று அடுத்த கோட்டில் கேட்டிருந்தது. அதில் எழுதியதையே இங்கேயும் எழுதி முடிக்கிறேன்.

திவ்யாவின் சித்தி,
லெட்சுமி