வெள்ளை வளையம்

தம்பிக்கு,

நம் நாற்றுப் பண்ணையில் நீ விதை போட்டுவிட்டுப் போன நாற்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன.

இரண்டு மாதம் முன்பு மர மில் லாரி வந்தது. காட்டில் எங்கும் தேடவில்லை. விதைக்காக விட்டுவைத்து, யாரும் வெட்டக் கூடாதென்று நாம் வெள்ளை வளையம் போட்ட தாய்மரங்களிடம் நேராகப் போய் நின்றது. பதினேழும் விழுந்தன.

"வளையம் போட்டதெல்லாம் நல்ல மரம்னு உங்க தம்பிதாம்மா சொன்னாரு" என்றார் டிரைவர், வழி சொல்வதுபோல.

வளையம் போட்ட அன்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தவன் நீ ஒருவன்தான்.

இப்போது மழை பெய்தால் ஊற்றில் சேறுதான் வருகிறது. தேன் எடுப்பவர்கள் வேறு காட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷ நாற்றுக்கு விதை இல்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று பண்ணைப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. உன்னைப் பற்றி விசாரித்தால், மில்லில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்கிறேன். அது பொய்யில்லையே.

மிச்சமிருக்கும் மரங்களுக்கு இனி வளையம் கிடையாது. இனி எதைத் தாய்மரமாக விட்டுவைப்பது என்பது என் மனசோடு இருக்கட்டும்.

லீவுக்கு வா. உனக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறேன். காட்டுக்கு மட்டும் என்னோடு வராதே.

உன் அக்கா