அண்ணன் பக்கத்து நியாயம்

மார்ச் 8, சனி

ஒன்பது பக்கக் கதை. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது. இன்று மிஞ்சியது நான்கு பக்கம்.

நூலகத்து மாடி அறையில், பதினோரு பேர் முன்னால், பென்சிலால் அடித்துத் தள்ளிவிட்டாள் கதைப் பயிற்சி நடத்துகிற பெண். முப்பத்திரண்டு வயது இருந்தால் அதிகம். இரண்டு புத்தகம் போட்டிருக்கிறாளாம். எனக்கு நாற்பத்தெட்டு. அவளுக்கு மனதுக்குள் 'கத்தரி' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"அக்கா, முதல் மூணு பக்கம் நீங்க தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்கீங்க. கதை நாலாவது பக்கத்துலதான் ஆரம்பிக்குது."

செருமுகிறேனாம்! அம்மா எங்கள் இரண்டு பேரையும் எப்படி வளர்த்தாள் என்பது அந்த மூன்று பக்கத்தில்தான் இருக்கிறது.

பிறகு 'கல்நெஞ்சன்', 'ஈவிரக்கமற்றவன்', 'நன்றி கெட்ட' என்று வந்த இடத்தில் எல்லாம் வட்டம். எண்ணினேன், பதினேழு. "நீங்களே அண்ணன் மேல இவ்வளவு கோபப்பட்டுட்டா, படிக்கிறவங்களுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு?" பின்வரிசையில் பல் டாக்டர் சிரித்தார். போன வாரம் அவர் கதையில் நிலா மூன்று முறை அழுதது. அது மறந்துபோச்சு அவருக்கு.

கடைசியாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. "இந்த அண்ணன் அட்டையில வெட்டின ஆள் மாதிரி இருக்கார். திருப்பிப் பார்த்தா பின்னாடி ஒண்ணுமே இல்ல."

"அவன் நிஜமாவே அப்படித்தான்" என்றேன்.

"இருக்கலாம் அக்கா. ஆனா கதையில நம்ப முடியலையே."

அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிற பெரிய மகன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. உயிர் போன பிறகு வந்தான், தேய்த்த சட்டையோடு. மூன்று வருடமாக நான் அவனோடு பேசுவதில்லை. இதை நம்ப முடியாதாம். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

இனிமேல் அந்த வகுப்புக்குப் போகப்போவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து ஓயாத போன். நான் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில். லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே மாட்டியவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், அது என் மேசையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்று ஒரு ஆள் இருபத்தைந்து நிமிடம். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், தனியாக. ஒரு தடவைகூட 'பயமாக இருக்கிறது' என்று சொல்லவில்லை. "மணி என்ன ஆச்சு மேடம்?" என்று ஏழு முறை கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தாராம், மெக்கானிக் பிறகு சொன்னான்.

போன வாரம் கத்தரி சொன்னது: மனதில் இருப்பதை யாரும் அப்படியே வாயால் சொல்வதில்லை, வசனத்தில் அதைச் சொல்ல வைக்காதீர்கள். என் கதையில் அண்ணன் சொல்கிறான்: 'எனக்கு அம்மாமீது பாசமே இல்லை.' எந்த மகன் இப்படிப் பேசுவான்? நாடகத்தில்கூடப் பேசமாட்டான்.

அந்த வரியை அடித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை. எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

போனேன். ஏன் போனேன்? கட்டின காசு வீணாகக் கூடாது என்று இவரிடம் சொன்னேன். இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "சரி சரி" என்றார். மனுஷனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு 'சரி சரி'.

எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள் கத்தரி. மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும், நாக்கு இடறுகிற இடத்தில் நாம் ஏதோ பொய் சொல்கிறோம் என்று அர்த்தமாம். நான் அண்ணன் வந்து நிற்கிற இடத்தில் இடறினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன், திரும்ப இடறினேன். பல் டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக அவள் கேட்டாள்: "ரெண்டாவது பக்கத்துல அண்ணன் ஊர் ஆறு மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. மூணு மணிக்கு அம்மா தவறிட்டாங்கன்னு போன் போகுது. நாலரைக்கு அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோக வேன் வரும்போது பக்கத்துல நிக்கிறார். எப்படி வந்தார்?"

"வந்தான். அவ்வளவுதான்."

"காலக்கணக்கு இடிக்குது அக்கா. ஒண்ணு தூரத்தை மாத்துங்க, இல்ல நேரத்தை மாத்துங்க. படிக்கிறவன் அங்கேயே நின்னுடுவான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்புறம் ஒரு காட்சி அவர் பக்கத்துலேர்ந்து எழுதிப் பாருங்க. அவர் செஞ்சது அவருக்கு நியாயமா பட்டிருக்கும்ல? அது என்னன்னு கண்டுபிடிங்க. கதையில வைக்கணும்னு இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போதும்."

அவன் நியாயம்! திருடனுக்கும் ஒரு நியாயம் இருக்கும், அதற்காகப் பூட்டை உடைத்தவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்களா?

மார்ச் 16, ஞாயிறு

நேரத்தை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். வேன் இரவு ஒன்பதுக்கு வந்ததாக எழுதினேன். கை ஓடவில்லை. அன்றைக்கு வெயில் அடித்தது. வேன் கதவின் சூடு என் கையில் பட்டது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். டாக்டர் சீட்டில் உயிர் போன நேரம் இரண்டு ஐம்பது. வேன் நாலரை.

ஒன்றரை மணி நேரத்தில் ஆறு மணி நேரத் தூரத்தை எப்படிக் கடந்தான்? இந்த மூன்று வருடத்தில் இதை நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லையே. தினமும் எத்தனை மணிக்கு எந்த லிஃப்ட் நின்றது, எத்தனை மணிக்கு ஆள் போனான் என்று குறித்து வைக்கிறவள் நான்.

மார்ச் 19, புதன்

அண்ணிக்குப் போன் செய்தேன். கதைக்காக மட்டும்தான். முதலிலேயே அதைச் சொல்லிவிட்டேன்: "அண்ணி, நான் ஒரு கதை எழுதறேன். ஒரு விவரம் வேணும். அன்னைக்கு அவன் எத்தனை மணிக்குக் கிளம்பினான்?"

 அண்ணி நிதானமாகச் சொன்னார்: "விடிகாலை ஆறு மணிக்கு. பன்னண்டுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாச்சு. நீ மூணு மணிக்குப் போன் பண்ணினப்போ கீழே கார்லதான் உட்கார்ந்திருந்தார்."

"மூணு மணி நேரமா? மேல வராமலா?"

"நீதானே வரவேண்டாம்னு சொன்ன. முதல் நாள் சாயங்காலம் போன்ல. ஸ்பீக்கர்ல போட்டிருந்தார், நானும் கேட்டேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல!" என்று கத்தினேன். அலுவலகத்தில் நான்கு தலை திரும்பியது.

"சரிம்மா. கதைதானே. உன் இஷ்டப்படி எழுதிக்கோ" என்று வைத்துவிட்டார்.

எப்படிப் பேசறாங்க பாருங்க! மூணு வருஷமா வாயைத் திறக்காம இருந்துட்டு, இப்போ பழியைத் தூக்கி என் தலையில போடறாங்க. சொன்னேனாம். நான் சொன்னேனாம். பதினோரு நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு ஒடிஞ்சவ நான். கார்ல சாஞ்சுக்கிட்டு உட்கார்ந்தவன் நல்லவன்.

மார்ச் 20, வியாழன்

இவரிடம் கேட்டேன். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தது இவர்தான்.

"நான் அவனை வரவேண்டாம்னு சொன்னேனா?"

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "சொன்ன."

"என்ன சொன்னேன்?"

"'இனிமே வந்து என்ன கிழிக்கப்போற, உன் மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது, வராதே'ன்னு சொன்ன."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா? யார் சொல்றது?" என்று பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 21, வெள்ளி

சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கத்தரி மேல் கோபப்பட்டேன். அவள்பாட்டுக்குக் காலக்கணக்கைக் கேட்காமல் இருந்திருந்தால் நான்பாட்டுக்கு நல்லவளாக இருந்திருப்பேன்.

ஆனாலும் எழுதினேன். முதல் மூன்று பக்கத்தைத் தூக்கி எறிந்தேன். இப்போது கதை கார் நிறுத்துமிடத்தில் தொடங்குகிறது. ஒருத்தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வண்டி அணைந்துதான் இருக்கிறது. இரண்டு தடவை இறங்குகிறான், லிஃப்ட் வாசல்வரை போகிறான், கதவு திறக்கிறது, மற்றவர்கள் ஏறுகிறார்கள், திரும்பி வருகிறான். சட்டை கசங்கக் கூடாதென்று நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறான், அம்மாவுக்குக் கசங்கின சட்டை பிடிக்காது. இது நானாகச் சேர்த்தது. உண்மையா தெரியாது. எழுதும்போது கை ஓடியது.

தங்கை போனில் 'வராதே' என்று சொல்வதையும் வைத்தேன். ஒரே வரி. அதை எழுத மதியம் முழுக்க ஆனது.

கல்நெஞ்சன் என்கிற சொல் எங்கேயும் தேவைப்படவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. பதினேழு சொல்லை மூன்று வருடம் சுமந்திருக்கிறேன்.

மார்ச் 29, சனி

படித்தேன். ஒரு இடத்தில் மட்டும் நாக்கு இடறியது: தங்கையின் போன் பேச்சு.  பல் டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கத்தரி பென்சிலை எடுக்கவே இல்லை. "கடைசிப் பத்தியை எடுத்துடுங்க. அதுல நீங்க மன்னிப்புக் கேக்கறீங்க. கதையில மன்னிப்புக் கேட்டா அது அவருக்குப் போய்ச் சேராது."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.  பத்தியை எடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

தாளில் அச்செடுத்து, உறையில் போட்டு, அண்ணன் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வரிகூட உடன் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும்.

ஏப்ரல் 18, வெள்ளி

பதில் இல்லை. திமிர்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி. அண்ணன். கையில் என் தாள்கள், ஓரமெல்லாம் நீல மை. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினான். முடி பாதி நரைத்துவிட்டது.

"ரெண்டாம் பக்கம் தப்பு. நான் ரெண்டு தடவை இறங்கல. அஞ்சு தடவை."

அதுவரை அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "அஞ்சு தடவை இறங்கினவனுக்கு மேல வரத் தெரியலையா? நாலே மாடி! ஒரு பொத்தானை அமுக்க முடியலையா உனக்கு? நான் ஒருத்தி அங்க தனியா—"

"முடியல" என்றான். அவ்வளவுதான். வாதாட வருவான் என்று வரிந்துகட்டி நின்றவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இவர் சமையலறையில் மூவருக்கும் டீ போடப் போனார். அரை மணி நேரம் ஆகியும் டீ வரவில்லை. வேண்டுமென்றேதான்.

அண்ணன் மூன்றாவது பக்கத்தை எடுத்தான். "இதுல நான் உன் அண்ணிகிட்ட 'பயமா இருந்துச்சு'ன்னு சொல்றேன். நான் என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"பின்ன என்ன சொன்ன?"

"வண்டி நிறுத்த இடம் கிடைக்கலன்னு சொன்னேன்."

பென்சிலை எடுத்து அதை எழுதினேன். என் வாக்கியத்தைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அதற்கும் வயிற்றெரிச்சல்.

"இன்னொண்ணு" என்றான். விரலை அந்தப் போன் பேச்சின்மேல் வைத்தான். "நீ சொன்னதை முழுசா எழுதல. 'வராதே'க்கு அப்புறம் ஒண்ணு சொன்ன."

"என்ன?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "'இனிமே உனக்கு அம்மா இல்ல, எனக்கு மட்டும்தான்'ன்னு சொன்ன."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் என் குரல்தான் அது. அந்த வாக்கியம் என் வாயின் அளவுக்குத் தைத்த மாதிரி இருந்தது. நாக்கு அங்கே ஏன் இடறியது என்று புரிந்தது.

"எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுது. அப்போதான் அந்த ஆள் ஏன் லிஃப்ட்ல ஏறலன்னு தெரியும்."

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.  மன்னிப்பு அப்போதுதான் கேட்டேன், தாளைப் பார்த்துக்கொண்டே. அவன் "அடுத்த பக்கத்துக்குப் போ" என்றான்.

ஜூன் 17, செவ்வாய்

பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வந்துவிட்டது. 'அண்ணன் பாத்திரத்துக்குத் தேவைக்கு மேல் அனுதாபம் காட்டப்படுகிறது' என்று ஒரு வரி.

அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பிடித்துக்கொண்டான் பாருங்கள். ஆசிரியருக்கு மூளை இருக்கிறதா, கடைசிவரை படித்தானா, அவன் வீட்டில் அண்ணன் தம்பி யாரும் இல்லையா, வேறு பத்திரிகையே இல்லையா இந்த உலகத்தில் என்று இருபது நிமிடம். நடுவில் அண்ணி "தண்ணி குடிச்சிட்டுத் திட்டுங்க" என்று சொல்வது கேட்டது. குடித்துவிட்டுத் திட்டினான்.

எனக்கு வர வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவனே பட்டுக்கொண்டிருந்தான். நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.