நாலு கேரியரிலும் எலுமிச்சை சாதம்

சேக்காடு, ஆவடி
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சௌம்யாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை விஷாலும் குட்டி வர்ஷாவும் அந்த டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம், ஆனால் நீ அழுவாய், நீ அழுவதைப் பார்த்து அம்மா அழுவாள், நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதவில்லை, அவள்தான் எழுதச் சொன்னாள்.

முதலில் ஊர்க்கதை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நம் தெரு முனையில் காலியாகக் கிடந்த மனையில் அடுக்குமாடி எழும்பிவிட்டது, மொட்டை மாடிக் காற்றெல்லாம் இனி அவர்களுக்குத்தான். நானும் யூசுப் மாமாவும் சனிக்கிழமை தவறாமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நெமிலிச்சேரிப் பக்கம் குட்டைக்குப் போகிறோம். மீன் கிடைக்கிறதா என்று கேட்காதே, உன் அம்மா கேட்கிற கேள்வியே போதும். ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இரும்போடு மல்லுக்கட்டியவர்கள் நாங்கள், சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு கெண்டை மாட்டியது. விரல் நீளம்தான். யூசுப் மாமா அதற்கு சலாம் சொல்லி மறுபடி தண்ணீரில் விட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காணும் பொங்கலுக்கு வழக்கம்போல் நாலு வீடும் வேன் பிடித்துப் பூண்டிக்குப் போனோம். குவார்ட்டர்ஸில் இருந்த நாளில் ஆரம்பித்த பழக்கம், நீயே எத்தனை வருஷம் வந்திருக்கிறாய். யார் வீட்டில் என்ன சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்று அம்மாதான் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு சொல்வாள். போகிக்கு முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிடுவாள். ஒரு வீட்டுக்குச் சொன்னதை இன்னொரு வீட்டுக்குச் சொல்ல மாட்டாள், அவர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக் கூடாது. மரத்தடியில் ஜமக்காளம் விரித்துக் கேரியர்களைத் திறக்கும்போதுதான் என்ன வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும், அதில்தான் இவர்களுக்கு சந்தோஷம். எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமெல்லாம் உன் அம்மாவுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. யூசுப் மாமா வீட்டு மெகருன் அத்தைக்கு மட்டும் எல்லா வருஷமும் பிரியாணிதான், அது ஊரறிந்த ரகசியம்.

இந்த வருஷம் கன்னியம்மா அத்தை முதலில் திறந்தாள். எலுமிச்சை சாதம். நம் வீட்டுக் கேரியரைத் திறந்தேன், அதுவும் எலுமிச்சை சாதம். காலையில் பழம் பிழிந்ததே நான்தான், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாகேந்திரன் மாமா வீட்டு ராஜகுமாரி அத்தை திறந்தாள், அதே மஞ்சள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அம்மாவும் சிரித்தாள். பிறகு மெகருன் அத்தை தயங்கித் தயங்கி மூடியைத் திறந்தாள். பிரியாணி இல்லை, எலுமிச்சை சாதம். சரசாக்கா சொன்னாங்க, செஞ்சுட்டேன் என்றாள் மெதுவாக. அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. ராஜகுமாரிக்குத்தானே எலுமிச்சை சொன்னேன், உங்களுக்கெல்லாம் யார் சொன்னது என்று அம்மா ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். கன்னியம்மா அத்தை உடனே, “நீ புளிசாதம்னுதான்கா சொன்னே, ஊட்ல புளி தீந்துபூட்ச்சு, நான்தான் இத்த கிளறிகினு வந்துட்டேன்” என்றாள். எலுமிச்சை சரிதான் என்று அம்மாவே சொன்ன ராஜகுமாரி அத்தையும் தேவையில்லாமல் சேர்ந்துகொண்டாள், அவள் கருவேப்பிலை சாதம்தான் செய்வதாக இருந்ததாம், மிக்ஸி மக்கர் பண்ணிவிட்டதாம். யூசுப் மாமா கறிக்கடையில் கூட்டம் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஜனங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னால் எப்படி இருக்கும். அம்மா கரண்டியை எடுத்து எல்லோருக்கும் பரிமாறினாள். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் திரும்பி வரும்போது வேனில் பாட்டுக்குப் பாட்டு விளையாடினோம், அதில் ஜெயித்தது யார் என்று நினைக்கிறாய், உன் அம்மாதான். ஒரு பாட்டில்கூட ஒரு அடி பிசகவில்லை. சரணம் சரணமாக அவள் பாடிக்கொண்டு வந்ததைக் கேட்டு, சேச்சே, ஏதோ ஒரு நாள் தடுமாறிவிட்டாள், அவ்வளவுதான் என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இனிமேல் நான் எங்கேயும் வரலைங்க என்றாள்.

டாக்டரிடம் காட்டினோம், ஸ்கேனும் எடுத்தாயிற்று. நினைவு மங்குகிற நோயின் ஆரம்பம் என்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார், சாப்பிடுகிறாள். அடியோடு குணமாக்க முடியாதாம், வேகத்தைக் குறைக்க முடியுமாம். முக்கியமாக அவர் சொன்னது, வீட்டில் முடக்கி வைக்காதீர்கள், நாலு பேரோடு பழகட்டும், இதுவரை செய்துவந்த வேலையைச் செய்யட்டும் என்பது. நீ இதைப் படித்துவிட்டு இன்டர்நெட்டில் தேடிக் கண்டதையும் வாசித்துப் பயப்படாதே. என்ன கேட்க வேண்டுமோ அதை என்னைக் கேள்.

டாக்டர் சொன்னபடி வெளியே கூட்டிப்போகலாம் என்றால் இவள் அசைந்தால்தானே. வருகிற மே மாதம் திருமழிசை தாண்டி நாகேந்திரன் மாமாவுக்குத் தெரிந்தவர் மாந்தோப்பு ஒன்று இருக்கிறது, ஒரு நாள் முழுக்க அங்கே இருந்துவிட்டு வரலாம் என்று பேசினோம். நாகேந்திரன் மாமா மகள் கனிமொழி ஐடியில் இருக்கிறாளே, அவள் நல்ல எண்ணத்தோடுதான், வாட்ஸப்பில் யார் வீட்டில் என்ன சமையல் என்று போட்டுவிடலாம் அங்கிள், ஆன்ட்டிக்கு எதற்குச் சிரமம் என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அது அவளுக்குச் சிரமம் இல்லை கண்ணு, அதையும் பிடுங்கிவிட்டால் அவள் அங்கே வந்து என்ன செய்வாள், ஜமக்காளத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு இருப்பாளா என்று கேட்டேன். கன்னியம்மா அத்தைதான் ஒரேயடியாக முடித்துவைத்தாள். “அக்கா இன்னா சொல்லுதோ அத்த செய்வோம். நாலு ஊட்லயும் எலுமிச்சங்காய்னா நாலு ஊட்லயும் எலுமிச்சங்காய். சோறுதானே, வெசமா?” என்றாள். ஃபேக்டரி கேன்டீனில் ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட கை, அவள் சொன்னால் சொன்னதுதான்.

சொன்னதோடு விட்டாளா, மறுநாள் காலையில் தன் வீட்டுக் காலிக் கேரியரைக் கொண்டுவந்து நம் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டாள். “நான் இன்னா செய்யணும்னு சொல்லுக்கா. சொல்ற வரிக்கும் இது இங்கியே கெடக்கட்டும்” என்று போய்விட்டாள். அம்மா அதைத் தொடவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டுக் காய் நறுக்கினாள், தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். எத்தனையோ நாள் அது அங்கேயே கிடந்தது. எனக்குப் பார்க்கப் பார்க்கக் கோபமாகவும் வரும், அழுகையாகவும் வரும்.

நேற்றுச் சாயங்காலம் குட்டைக்குக் கிளம்பும் முன் தூண்டிலுக்கு இரை உருட்ட மைதா மாவை எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா பிடித்துக்கொண்டாள். போண்டாவுக்கு வாங்கி வைத்த மாவு, மீனுக்குப் போடவா வாங்கினேன், ஒரு மீனாவது இந்த வீட்டு வாசப்படி ஏறியிருக்கா என்று ஆரம்பித்து, பழைய பாக்கி எல்லாம் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே வந்து மேஜையருகே உட்கார்ந்தவள் அந்தக் கேரியரைப் பார்த்தாள். போனை எடுத்தாள். “கன்னி, உனக்குப் புளிசாதம்” என்றாள், வைத்துவிட்டாள். ராஜகுமாரி அத்தைக்கு உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும். நான் மாவுக் கையோடு அப்படியே நின்றேன். அடுத்து மெகருன் அத்தையின் எண்ணைத் தேடியவள் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, கன்னிக்கு என்னங்க சொன்னேன் என்றாள்.

சௌம்யா, நாங்கள் குடித்தனம் நடத்தத் தொடங்கியதிலிருந்து அந்த நிமிஷம்வரை உன் அம்மா ஒரு விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, நான்தான் அவளிடம் கேட்பேன். புளிசாதம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மெகருன் அத்தைக்குப் போட்டு, பிரியாணி, இந்தத் தடவை ஏமாத்தாதே என்றாள். அந்தப் பக்கம் அவள் சிரித்ததும் எனக்குக் கேட்டது. மறந்துவிடுவது பெரிய துக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கிறாளே, கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தோன்றியது. இனி சனிக்கிழமை தூண்டிலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். யூசுப் மாமாவிடம் சொல்லிவிட்டேன், திட்டு வாங்கத் தயாராக இருங்கள் என்று.

போனை வைத்த பிறகு, எல்லாருக்கும் சொல்லியாச்சா என்று விரல் மடக்கினாள். ஆயிற்று என்றேன். “எங்க ஆச்சு, சௌம்யாவுக்குச் சொல்லலையே. அவளுக்குத் தயிர்சாதம், மாதுளை முத்துப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க. எழுதிப் போடுங்க” என்றாள். நீ டப்ளினில் இருப்பதை மறந்துவிட்டுச் சொன்னாளா, தெரிந்தே ஆசையில் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நீ டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். டிசம்பரிலும் அம்மா இருப்பாள், பாட்டும் பாடுவாள். ஆனால் பங்கு சொல்கிற அம்மா இருப்பாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லீவு கேட்டுப் பார், மாப்பிள்ளைக்கு முடியாவிட்டால் நீயும் குழந்தையும் மட்டும் வாருங்கள். வந்தால் அம்மாவிடம் ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கா என்று பரீட்சை வைக்காதே, கேட்டதைத் திரும்பக் கேட்டாலும் முதல் தடவை போலவே பதில் சொல். வர்ஷாவுக்குத் தலைக்குக் குல்லாய் போடாமல் வெளியே அனுப்பாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பட்டினி கிடந்து வேலை பார்த்து யாரும் உருப்பட்டதில்லை.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழ அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மே மாதம் முதல் ஞாயிறு, மாந்தோப்பு, உனக்குத் தயிர்சாதம். சொன்னவள் மறந்துவிடலாம். நீ மறந்துவிடாதே.

என்றும் உன் அப்பா,
பாஸ்கரன்