ஒரே ஒரு டியர்

ஜூன் 4

டியர் அப்பா,

பயப்படாதீர்கள், மார்க் ஷீட் எதுவும் வரவில்லை. 'டியர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமாம். ஒன்று பிரியமான, இன்னொன்று விலை அதிகமான. இங்கிலீஷ் டீச்சர் சொன்னார். "அப்போ 'டியர் டீச்சர்'னா எது மிஸ்?"னு கேட்டேன். மீதி வகுப்பு முழுக்க வெளியே நின்றேன். நல்ல காற்று.

ஒரு புகார். உங்கள் கடிதங்களில் எனக்கு மட்டும் 'டியர் வாயாடி'. அம்மாவுக்குக் கடைசி வரியில் வெறும் 'அம்மாவைக் கேட்டதாகச் சொல்'. அங்கே வெளிநாட்டில் ஏசி ரிப்பேர் பார்த்துப் பார்த்து நீங்களும் ஜில்லென்று ஆகிவிட்டீர்களா? அம்மாவுக்கு ஒரு டியர் போடுங்கள் அப்பா. ஒன்றே ஒன்று.

வாயாடி

ஜூன் 19

டியர் வாயாடி,

உன் வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யவில்லை. நீ எனக்கு இரண்டு அர்த்தத்திலும் டியர்தான். உன் பல்லுக்குக் கம்பி கட்டப் பணம் கொடுத்தவன் நானல்லவா!

இங்கே வெயில் காலம். மாடி மாடியாக ஏறுகிறேன், முழங்கால் மக்கர் பண்ணுகிறது. லீவுக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வரும். அதை அவளே பிரிக்கட்டும்.

அப்பா

ஜூலை 8

அப்பா,

கடிதம் வந்தது. பொறுக்க முடியவில்லை, ஓரத்தைப் பிரித்து எட்டிப் பார்த்தேன். 'டியர்' மட்டும் தெரிந்தது. டைப் அடித்துக் காதலா என்று சிரித்தேன். மிச்சத்தைப் படிக்கவில்லை, மரியாதை!

அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கே ஓடினேன். "அம்மா, அப்பா உனக்கு டியர் போட்டுட்டார்ம்மா!" "சும்மா இரு, மானத்தை வாங்காதே"ன்னு சொல்லிக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டியருக்குப் பக்கத்தில் 'மேடம்' இருந்தது. அடியில் உங்கள் வக்கீலின் கையெழுத்து. நடுவில் விவாகரத்து.

அம்மா மடித்து வைத்துவிட்டு, "அடுத்தது யாருங்க?" என்றாள். வந்தவரிடம் மாத்திரையைக் கொடுத்தாள். மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள்.

கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன் அப்பா. அதுதான் தாங்கவில்லை.

டீச்சருக்கு மூன்றாவது அர்த்தம் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கும் அதைத்தான் போடுவார்கள்.

பதில் எழுதினால் எனக்கு டியர் வேண்டாம். வெறும் 'வாயாடி' என்று ஆரம்பியுங்கள். அந்தப் பெயர் வக்கீலுக்குத் தெரியாது. எழுதியது நீங்கள்தான் என்று அப்போதாவது நம்புவேன்.

வாயாடி